முட்டியில் ஒன்றுமில்லை

விக்கிரமங்கலம்
22-6-1998

தம்பி அரவிந்தனுக்கு அக்கா லீலாவதி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் மாடு கன்றும் நன்றாக இருக்கிறோம். பரிமளா மட்டும் நன்றாக இல்லை, அதனால்தான் இந்த இன்லண்ட். ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகு உனக்குத் தூக்கமே இல்லை என்று குரும்பலூரில் அப்பா சொல்லி வருத்தப்பட்டார். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் பிள்ளை பெரியவளானபோது நீ தாய்மாமனாக வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தாள். சித்திரைக் கடைசியில் வலது முட்டி வலிக்கிறது என்றாள். விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. காலையில் நொண்டுகிறாள், மத்தியானம் கொஞ்சம் தேவலாம் என்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மறுபடியும் நொண்டல். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து நடக்கிறாள். "நேரா நடடி"ன்னா, "வரமாட்டேங்குதும்மா"ங்கிறா. பதின்மூன்று வயதுதான் நடக்கிறது, உடம்பு கொஞ்சம் கனம். அந்தக் கனத்தை முட்டி தாங்கவில்லையோ என்னவோ.

உன் மாமாவைத்தான் தெரியுமே. "கணக்குல கோழிமுட்ட வாங்குனா முட்டி வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நீ ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ. வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு எவனிடமோ போய் ஏன் காட்ட வேண்டும்? வரும்போது அந்த இளைத்த முகத்தை எடுத்துக்கொண்டு வராதே, அம்மா பார்த்தால் அழும்.

அக்கா

---

சென்னை
3-7-1998

அக்காவுக்கு,

உன் இன்லண்டை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். மூன்று கிலோ இளைத்ததைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவுக்கு அந்த இருமல் விட்டதா? பீடியை விடச் சொல், இல்லையென்றால் நான் வந்து நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வைப்பேன்.

முட்டிக்கு நீ பயப்படவே வேண்டாம். உடம்பில் இருக்கிற மூட்டுகளிலேயே முட்டி ஒன்றுதான் ஒளிவுமறைவு இல்லாதது. தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடும். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் அசைத்துப் பார்க்க வேண்டும். நல்ல காலைப் பார்த்து முடித்த பிறகுதான் வலிக்கிற காலுக்குப் போக வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். பரீட்சையில் எனக்கு முட்டிதான் வந்தது. எங்கள் சார் பக்கத்தில் இருந்தவர்களிடம், "இவன் கை எலும்பு டாக்டர் கை" என்று சொன்னார். தற்பெருமை என்று நினைக்காதே, அக்காவிடம்தானே சொல்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை யாரையும் எண்ணெய் போட்டு உருவவிடாதே. பரிமளாவிடம் மாமா ஊசி போட மாட்டான் என்று சொல்.

அரவிந்தன்

---

சென்னை
10-8-1998

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அரியலூரில் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவ்வளவுதான் கஷ்டம். அங்கே எல்லாரும் சுகம்தானே? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படிப்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

பரிமளாவின் இரண்டு முட்டிகளையும் பார்த்தேன். வீக்கம் இல்லை. டேப் வைத்து அளந்ததில் இரண்டும் ஒரே சுற்றளவு. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. முட்டிச் சில்லை அழுத்திப் பார்த்தேன். உள்ளே நீர் கோத்திருந்தால் சில்லு மிதந்து கீழ் எலும்பில் தட்டும், தட்டவில்லை. கீழ்க்காலை முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன், இரண்டு பக்கமும் அசைத்தேன். மூட்டைக் கட்டி வைத்திருக்கிற நான்கு நாரும் கெட்டி. ஜவ்வு கிழிந்திருந்தால் மடக்கித் திருகி நீட்டும்போது 'டக்' என்று கைக்குத் தெரியும், அதுவும் இல்லை. முழுசாக நீள்கிறது, முழுசாக மடங்குகிறது. ஆக, முட்டியில் ஒன்றுமில்லை. இதை நான் சொல்லவில்லை, பரிசோதனை சொல்கிறது.

இந்த வயதில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காவிட்டால் வயிற்று வலி வரும், தலைவலி வரும், இவளுக்கு முட்டி வலி வந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். நடக்கட்டும், ஓடட்டும், வீட்டு வேலை செய்யட்டும், தானாக விட்டுவிடும்.

சாப்பிடாமல்கூட அவசரமாகக் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே அக்கா. மாமா தவறாக நினைக்கக் கூடாது, அவருடைய அக்கா ஆண்டாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். கூடம் நிறையப் பொம்பளைகளை உட்கார வைத்துக்கொண்டு, "பெரியவளான புள்ளயத் தொட்டுப் பாத்தா அப்புறம் நீதான் தாலி கட்டணும் தம்பி" என்று அந்த அம்மா சொன்னதும் எல்லாரும் சிரித்ததும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் குழந்தை. நான் டாக்டர்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
அரவிந்தன்

---

விக்கிரமங்கலம்
21-9-1998

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிற இருப்பைச் சொல்கிறேன், கேள்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து என் பிள்ளைக்கு வீட்டில் நிம்மதி போய்விட்டது. உன் மாமா அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் காட்டினார். "மெட்ராசுல எங்க மச்சான் டாக்டரு, ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருக்காப்ல, ஓட வுடுங்க சார்." டிரில் மாஸ்டர் கிரவுண்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட வைத்திருக்கிறார். பிள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. "நடிக்கிறா பாரு" என்றார் இவர். நானும் சும்மா இருக்கவில்லை தம்பி. ஒரு நாள் தண்ணிக்குப் போக மாட்டேன் என்றதற்கு விளக்குமாற்றால் இரண்டு வைத்தேன். எழுதக் கை கூசுகிறது.

மனசு கேட்காமல் போன வாரம் அரியலூர் டவுனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு லேடி டாக்டரம்மா. "எங்கம்மா வலிக்குது? வேற எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "முட்டிதான்" என்றது. "சரி, மேல படு, முழுசாப் பாத்துடறேன்" என்றார். அதற்குள் உன் மாமா பையிலிருந்து கவரை எடுத்து நீட்டிவிட்டார். அந்தம்மா படித்தார், நாலு வரி படித்ததும் முகம் மாறிவிட்டது. "மெட்ராஸ்ல எல்லாத்தையும் பாத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், நீ சிரித்தாலும் சரி, கண்ணில் படுவதை எழுதுகிறேன். கோலம் போடக் குந்தினால் இடது கால் நேரே மடங்குகிறது, வலது முட்டி தானாக வெளியே ஓடுகிறது. இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்து உட்கார முடியவில்லை. வலது தொடை இளைத்த மாதிரி இருக்கிறது. முட்டியில் ஒன்றுமில்லையென்றால் வேறு எங்கேயாவது இருந்து வருமா தம்பி? உன்னைத்தான் கேட்கிறேன், பதில் எழுது.

லீலாவதி

---

சென்னை
5-10-1998

அக்காவுக்கு,

இப்போது பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள், உட்கார நேரம் இல்லை. மற்றபடி சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

முட்டியைப் பற்றி எழுதியது எழுதியதுதான். கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடு. பிள்ளையை அடிக்காதே, மாமாவையும் அடிக்க வேண்டாம் என்று சொல். என் கடிதத்தை ஊரெல்லாம் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது சொந்தக்காரனாக எழுதியது, சர்ட்டிபிகேட் இல்லை.

தீபாவளிக்கு வந்தால் பார்க்கிறேன்.

அரவிந்தன்

---

சென்னை
9-11-1998

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத இப்போது நேரமில்லை. இந்தக் கவர் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து பரிமளாவை நடக்க விடாதே. வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. கக்கூசுக்குப் போவதானாலும் தூக்கிக்கொண்டு போங்கள். கார் வைத்துத் திருச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், பஸ் வேண்டாம். முட்டிக்கு இல்லை, இரண்டு பக்க இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல். உள்ளே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், அதை அங்கே இருக்கிற டாக்டர் கையில் கொடு, அவருக்குப் புரியும். மாமா அந்தப் பழைய கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

ஏன் எதற்கு என்று பிறகு எழுதுகிறேன். பயப்படாதே.

அரவிந்தன்

---

திருச்சி
29-11-1998

அரவிந்தனுக்கு,

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை கைப்பம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். சேற்றில் ஒரு சறுக்கு. கீழே விழக்கூட இல்லையாம், ஒரு காலை அழுத்தி ஊன்றினாளாம், அவ்வளவுதான். அவள் கத்திய கத்தல் மாட்டுக் கொட்டகையில் எனக்குக் கேட்டது. உன் மாமா ஓடிப் போய் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "எந்திரி, ஆரம்பிச்சுட்டியா?" கையைப் பிடித்து இழுத்து நிற்கவும் வைத்தார். நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். அதற்கப்புறம்தான் அந்த மனுஷனுக்குப் பயம் வந்தது.

இங்கே பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி இருக்கிறது, அது தண்டிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. "இது இன்னைக்கு நேத்து வந்ததில்லம்மா. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா நழுவிட்டு இருந்துருக்கு. இந்த வயசுப் பிள்ள முட்டி வலின்னு சொன்னா இடுப்பத்தான் மொதல்ல பாக்கணும், ஒரே நரம்புதான் ரெண்டுக்கும் போகுது. யாருமே பாக்கலியா?" என்று கேட்டார். உன் மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. பிளாஸ்டிக் கவரைப் பாதி வெளியே எடுத்தார். அப்புறம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். அந்தப் பந்துக்கு ரத்தம் போகிறதா இல்லையா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியுமாம்.

உன் கவர் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. உரக்கடை அமிர்தலிங்கம் வாங்கி வைத்திருந்து இங்கே கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே 9-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறாய். மேலே மெட்ராஸ் முத்திரை 14. மை அழிந்து போயிருக்கும் என்று கண்ணாடி போட்டவரிடமெல்லாம் காட்டிக் கேட்டேன், எல்லாரும் 14 என்றுதான் சொல்கிறார்கள். ஒன்பதாம் தேதியே போட்டிருந்தால் பன்னிரண்டில் வந்திருக்கும். என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தண்ணிக்குப் போயிருக்காது.

உரக்கடையில் போன் இருக்கிறது. நீ டாக்டர் பரீட்சை பாஸ் என்பதை அந்த போனில்தான் சொன்னாய், நான் களையெடுத்த கையோடு ஓடிப் போய்க் கேட்டேன். இதற்கு ஏன் போன் பண்ணவில்லை? நடுவில் அந்த ஐந்து நாள் கடிதம் எங்கே இருந்தது? இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் சொல்.

லீலாவதி

---

சென்னை
20-12-1998

அக்காவுக்கு,

செய்தி கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பரிமளாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? தையல் பிரித்தாகிவிட்டதா? அம்மாவைக் குரும்பலூரிலிருந்து துணைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

முத்திரை விஷயம்: நான் ஆஸ்டல் பெட்டியில்தான் போட்டேன். எப்போது எடுத்தார்கள் என்பதற்கு நான் பொறுப்பு இல்லை. போன் பண்ணிப் பார்த்தேன், உரக்கடை லைன் கிடைக்கவில்லை. இந்த வியாதி பத்தாயிரத்தில் ஒரு பிள்ளைக்கோ இரண்டு பிள்ளைக்கோ வருவது. பெரிய பெரிய டாக்டர்களே கோட்டை விட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் முட்டி மட்டும்தான் வலிக்கும். எக்ஸ்ரே படங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் எங்கள் சாரிடம் காட்டிக் கேட்கிறேன். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது, அதில் கவனமாக இருங்கள்.

மாமா ரொம்ப உடைந்து போயிருப்பார். ஆறுதல் சொல்.

அரவிந்தன்

---

விக்கிரமங்கலம்
2-5-1999

அரவிந்தனுக்கு,

அமிர்தலிங்கத்தைக் கேட்டேன். நவம்பர் மாதம் ஒரு நாள்கூட அவர் கடை போன் கெடவில்லையாம். உர மூட்டை லோடுக்குத் தினமும் பேசிக்கொண்டிருந்தாராம்.

ரத்தம் போகவில்லை. பந்து செத்துவிட்டது. டாக்டர் அப்படியேதான் சொன்னார், செத்துவிட்டது என்று. எலும்பு சாகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. இடுப்பு மடங்காது. கட்டை வைத்த செருப்பு செய்து கொடுத்திருக்கிறார்கள், ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். எட்டாவதில் ஒரு வருஷம் போனது போனதுதான்.

உன் மாமா யாரோடும் பேசுவதில்லை. விடியும் முன் எழுந்து அவரே குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பில் தண்ணீர் அடித்து வருகிறார். ஆம்பளை குடம் தூக்குகிறார் என்று ஊரே பார்க்கிறது, அவர் யாரையும் பார்ப்பதில்லை. திருமழபாடிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் எந்த சாமியிடம் போய் என்ன வேண்டிக்கொள்வது? விளக்குமாற்றை எடுத்த கை இது.

தப்பாகப் பார்த்துவிட்டாய் என்பதற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் சின்னப் பையன்தான். பொய் சொல்கிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு இனிமேல் எழுதாதே. என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம்.

லீலாவதி

---

பெரம்பலூர்
16-8-2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. அப்பா செத்த வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டாய், எனக்கும் போட்டாய், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நெஞ்சில் இருக்கிறது. நீயும் மாமாவும் பரிமளாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அன்றைக்குக் கேட்டாயே, இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஐந்து நாளும். போன் பண்ணவே இல்லை. பண்ணினால் "ஏன்டா, நீதானே ஒண்ணுமில்லன்னே"ன்னு நீ கேட்பாய், அதற்குப் பயந்தேன். கடிதமானால் உன் குரலைக் கேட்க வேண்டாம். அதையும் பெட்டியில் போடக் கை வரவில்லை. ஒருவேளை நாமே பயப்படுகிறோம், அவளுக்கு வேறு ஏதாவது இருக்கும் என்று நாளைத் தள்ளினேன்.

அந்த ஒன்பதாம் தேதி எங்கள் எலும்பு வார்டுக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் முட்டி வலி என்று வந்தான். சார் அவனை மல்லாத்திப் படுக்க வைத்து முட்டியைத் தொடாமலே தொடையை மேலே மடக்கினார். கால் தானாக வெளிப்பக்கம் உருண்டது. நீ கோலத்தைப் பற்றி எழுதியது எனக்கு அந்த இடத்திலேயே ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு மூட்டு வலித்தால் அதற்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் பார்க்க வேண்டும், இதுதான் முதல் பாடம். ஆடிப் பதினெட்டன்று உங்கள் கூடத்தில் அதை நான் செய்யவில்லை. பாவாடையை முட்டி வரைக்கும் மடித்து வைத்தார்கள், நான் அந்த முட்டியோடு நின்றுவிட்டேன். இடுப்பை அசைத்துப் பார்க்க எழுந்தபோதுதான் ஆண்டாயி அந்தப் பேச்சுப் பேசியது. எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மூஞ்சியெல்லாம் எரிந்தது. தாய்மாமன், முறைமாமன், கல்யாணம், இந்தக் கண்றாவி எல்லாம் எதற்கு என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பார்க்காத இடத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அந்த லேடி டாக்டரம்மா பார்த்திருப்பார். கௌரவம் விடவில்லை.

என்னிடம் இருந்தது இவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பரிமளாவுக்காகவே எலும்பு மருத்துவத்தில் சேர்ந்து படித்து முடித்தேன். துறையூர் ரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக். செப்டம்பர் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை திறப்பு. விளக்கேற்ற நீதான் வர வேண்டும். நீ வராவிட்டால் அங்கே உட்கார்ந்து ஒரு காலைத் தொட எனக்குத் தைரியம் வராது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, எழுதிக் கேட்கிறேன்.

உன் தம்பி
அரவிந்தன்

---

விக்கிரமங்கலம்
28-8-2004

மாமாவுக்கு பரிமளா எழுதுகிறேன். அம்மா, அப்பா சுகம். அப்பாவுக்கு சர்க்கரை வந்திருக்கிறது. நான் ஜெயங்கொண்டத்தில் டீச்சர் டிரெயினிங் முதல் வருஷம் படிக்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "கௌரவம் விடவில்லை" என்ற இடத்தில் அம்மா அழ ஆரம்பித்தது. மூன்று முறை படிக்கச் சொன்னது. "எந்தம்பி உண்மையச் சொல்லிட்டான்டி, ஒண்ணையும் மறைக்கல பாரு" என்று ஆண்டாயி அத்தையிடம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டது. திறப்பு விழாவுக்குப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறது. ஐந்து வருஷமாக அம்மா இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மாமா, நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

அத்தை பேசியதற்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உங்களுக்கு மோர் எடுக்க உள்ளே போயிருந்தது. நீங்கள் என் பக்கத்தில் குனிந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் மெதுவாக, "முட்டி இல்ல மாமா, வலி இங்கேருந்துதான் வருது" என்று தொடை ஆரம்பிக்கிற இடத்தில் கையை வைத்துக் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். நான் கை வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, அத்தை பக்கம் திரும்பி யாராவது கேட்டார்களா என்று பார்த்தீர்கள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடு. அந்த எடத்தப் பத்தியெல்லாம் யாருகிட்டயும் பேசாத, அசிங்கமா இருக்கு" என்றீர்கள்.

டாக்டரே சொல்லிவிட்டாரே. அது அசிங்கமான வியாதி என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கேட்டபோது முட்டி என்றுதான் சொன்னேன். அந்த லேடி டாக்டர் வேற எங்கேயாவது வலிக்குதா என்று கேட்டார், முட்டிதான் என்றேன். அடி வாங்கியபோதும் சொல்லவில்லை. குடம் தூக்கின அன்றைக்கும் இடுப்புதான் வலித்தது, யாரிடமும் சொல்லவில்லை. இதை இன்றுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம் கூட.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "ஒரு நட நடந்து காட்டும்மா" என்றார்கள். காட்டினேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்காக எலும்பு மருத்துவம் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. கேட்ட பிறகு அம்மா வருகிறதா இல்லையா என்பது அம்மா இஷ்டம். பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. எழுதுங்கள், நானே படித்துக் காட்டுகிறேன்.

பரிமளா

---

பெரம்பலூர்
6-9-2004

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமாவுக்கு சர்க்கரை என்று அறிந்தேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து, சீட்டை வரும்போது கொண்டு வரச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். ஏழு மணிக்கெல்லாம் வீட்டு வாசலுக்குக் கார் வந்துவிடும், எல்லாரும் ஒன்றாக வந்துவிடலாம். ஆண்டாயி அக்காவையும் கூப்பிடு, பழசை மனதில் வைக்க வேண்டாம். கிளினிக் வாசலில் மூன்று படி இருக்கிறது, பரிமளாவுக்காகப் பக்கத்தில் கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் மழை உண்டா? இங்கே நேற்று ஒரு தூறல்.

பரிமளாவின் கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நல்ல டீச்சராக வருவாள்.

எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

உன் தம்பி
அரவிந்தன்